இன்பவுண்ட் ரூட் ஃபில்டர்: பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்

பாக்கெட் போகும் வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் ஓடிக்கொண்டிருந்த திரையில் இரண்டே இரண்டு முகவரிகள்தான் மாறி மாறி வந்தன. 10.1.12.2, அடுத்த வரியில் 10.1.12.1, மறுபடி 10.1.12.2, மறுபடி 10.1.12.1. முப்பதாவது வரி வரைக்கும் இதேதான், அதோடு டிரேஸ்ரூட் தானாக நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நடு ரூட்டரில் நான் போட்ட ஒரே ஒரு வரி கன்ஃபிக்தான் இதற்குக் காரணம். அந்த வரியை எடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் ஏன் அப்படி ஆனது என்பது முழுசாக உறைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இன்பவுண்ட் ரூட் ஃபில்டர், அதாவது பக்கத்து ரூட்டர் சொல்லும் ரூட்டுகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று சொல்லும் விதி, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த இரண்டு நாளில் கற்றதுதான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அமைப்பு எளிமையானது. வரிசையாக மூன்று ரூட்டர், எல்லாம் ஒரே ஓஎஸ்பிஎஃப் ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் என்பது வழி கண்டுபிடிக்க ரூட்டர்கள் தங்களுக்குள் பேசும் ஒரு ப்ரோட்டோகால், ஏரியா என்பது அதில் ஒரு பகுதி). முதல் ரூட்டர் பக்கம்தான் இன்டர்நெட்டுக்கு வெளியேறும் வழி, அதனால் டிஃபால்ட் ரூட்டை (வேறு ரூட் இல்லாத எல்லாவற்றுக்குமான வழி) மற்றவர்களுக்கு அதுதான் அறிவிக்கும். கடைசி ரூட்டருக்குப் பின்னால் 10.20.0.0/16. முதல் ரூட்டருக்கும் கடைசி தளத்துக்கும் இடையே புதிதாக ஒரு நேரடி லிங்க் வந்திருந்தது. அதன் வழியாக 10.20க்குக் கையால் எழுதிய ஒரு ரூட், அதாவது ஸ்டேடிக் ரூட், டிஸ்டன்ஸ் 200 கொடுத்து, முதல் ரூட்டரில் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். டிஸ்டன்ஸ் குறைந்த ரூட்டே ஜெயிக்கும், ஓஎஸ்பிஎஃப் ரூட்டின் டிஸ்டன்ஸ் 110 என்பதால் ஸ்டேடிக் சும்மா உட்கார்ந்திருந்தது. இனிமேல் 10.20க்குப் போகும் டிராஃபிக் புது லிங்க்கில்தான் போக வேண்டும், இதுதான் எனக்கு வந்த வேலை.

நான் யோசித்தது இப்படி: நடு ரூட்டரில் 10.20 ரூட்டை உள்ளே வரவிடாமல் டிஸ்ட்ரிப்யூட் லிஸ்ட் போட்டு மறித்துவிட்டால், அது முதல் ரூட்டருக்குச் சொல்லாது, முதல் ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப் ரூட் மறையும், ஸ்டேடிக் மேலே வந்துவிடும். அதற்கு முன் சில வருடங்கள் ஈஐஜிஆர்பி என்ற இன்னொரு ப்ரோட்டோகால் ஓடும் நெட்வொர்க்கில்தான் வேலை பார்த்தேன், அங்கே இது அப்படியே நடக்கும். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

ரிப், ஈஐஜிஆர்பி மாதிரி டிஸ்டன்ஸ் வெக்டர் வகைகளில் பக்கத்து ரூட்டர் சொல்வது ரூட்டைத்தான். "இந்த நெட்வொர்க் என் வழியாக, இவ்வளவு தூரத்தில்" என்று சொல்கிறது. நம் ரூட்டர் அதைக் கேட்டு, தனக்குப் பிடித்தால் டேபிளில் வைத்து, தன் வார்த்தையில் அடுத்தவருக்குச் சொல்கிறது. இடையில் இன்பவுண்ட் ஃபில்டர் அந்த ரூட்டைத் தள்ளிவிட்டால் நமக்கு அது தெரியவே தெரியாது, தெரியாததை நாம் அடுத்தவருக்குச் சொல்லவும் மாட்டோம். ஒரே இடத்தில் மறித்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லோருக்கும் மறித்த மாதிரி.

ஓஎஸ்பிஎஃப் பேசுவது ரூட் அல்ல. ஒவ்வொரு ரூட்டரும் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை ஒரு எல்எஸ்ஏவாக எழுதி வெளியே விடுகிறது, அந்தத் துண்டு ஏரியா முழுக்கக் கைமாறிக் கைமாறிப் போகிறது, எல்லா ரூட்டரிடமும் ஒரே மாதிரி டேட்டாபேஸ் சேர்கிறது, அதை வைத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ரூட்டைத் தானே கண்டுபிடிக்கிறது. ஒரு ஏரியாவுக்குள் எல்லோருடைய டேட்டாபேஸும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அந்த ப்ரோட்டோகாலின் அடிப்படை. அதனால் சிஸ்கோ ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப்புக்குள் டிஸ்ட்ரிப்யூட் லிஸ்ட் 'இன்' என்று போட்டால் அது எல்எஸ்ஏவைத் தொடாது, தொடவும் முடியாது. கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு, கிடைத்த ரூட்டை ரூட்டிங் டேபிளில் வைக்கும் கடைசி அடியில் மட்டும்தான் அது நிற்கிறது.

அன்றைக்கு நடந்தது இதுதான். நடு ரூட்டரின் டேபிளில் 10.20 இல்லை. ஆனால் அதைச் சொல்லும் எல்எஸ்ஏ நடு ரூட்டர் வழியாகவே முதல் ரூட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் ரூட்டர் கணக்குப் போட்டது, 10.20க்கு வழி நடு ரூட்டர்தான் என்று முடிவெடுத்தது, பாக்கெட்டை அனுப்பியது. நடு ரூட்டருக்கு 10.20 தெரியாது, தெரிந்தது டிஃபால்ட் ரூட் மட்டும், அந்த டிஃபால்ட் போவது முதல் ரூட்டருக்கே. பாக்கெட் திரும்பி வந்தது, மறுபடி போனது, டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) பூஜ்யமாகும் வரை இரண்டுக்கும் நடுவே பந்தாடப்பட்டது. 10.20இல் இருந்த லாக் சர்வருக்கு யூடிபியில் லாக் அனுப்பிக்கொண்டிருந்த மெஷின்கள் நிறைய. டிடிஎல் 64இல் கிளம்பிய ஒரு பாக்கெட் அந்த லிங்க்கை அறுபது தடவைக்கு மேல் கடக்கும். லிங்க் நிரம்பியதற்கு அதுவே போதும், அதில் சம்பந்தமே இல்லாத மற்ற எல்லா டிராஃபிக்கும் அடிவாங்கியது.

முதலில் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்: ஓஎஸ்பிஎஃப்பிலும் அதே வகையான ஐஎஸ்-ஐஎஸ்ஸிலும் இன்பவுண்ட் ஃபில்டர் போடுகிற ரூட்டருக்கு மட்டும்தான் அது ஃபில்டர். யாருடைய முடிவை மாற்ற வேண்டுமோ அந்த ரூட்டரிலேயே போட வேண்டும், அதுவும் போடுவதற்கு முன்னால், வேறு யாராவது இந்த நெட்வொர்க்குக்கு என்னை நம்பி பாக்கெட் அனுப்புகிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். மற்றவர்களுக்கும் தெரியாமல் மறிக்க வேண்டும் என்றால் அதற்கான இடங்கள் வேறு. ஏரியா எல்லையில் இருக்கும் ரூட்டர், மற்ற ஏரியாவின் ரூட்டைச் சொல்லும் டைப் 3 எல்எஸ்ஏவைப் புதிதாக உருவாக்கும்போது அங்கே ஃபில்டர் லிஸ்ட் போடலாம். வெளியிலிருந்து ரீடிஸ்ட்ரிப்யூட் செய்து உள்ளே வரும் ரூட் என்றால் அதைக் கொண்டு வருகிற ரூட்டரிலேயே ரூட் மேப் போட்டுத் தடுக்கலாம். டைப் 5 எனப்படும் இந்த வெளி ரூட்டுகளை ஏரியா எல்லை ஃபில்டர் லிஸ்ட் பிடிக்காது, இதையும் பலர் எதிர்பார்ப்பதில்லை.

என் விஷயத்தில் ஃபில்டரே தேவைப்படவில்லை. முதல் ரூட்டரில் ஸ்டேடிக் ரூட்டின் அந்த 200ஐ எடுத்துவிட்டோம், அது 110ஐவிடக் குறைந்த தன் இயல்பான டிஸ்டன்ஸுக்குத் திரும்பியது. புது லிங்க் இருக்கும்வரை ஸ்டேடிக் ஜெயிக்கும், லிங்க் விழுந்தால் ஓஎஸ்பிஎஃப் ரூட் தானாக வந்துவிடும். முதல் ரூட்டரில் ஃபில்டர் போட்டிருந்தாலும் டிராஃபிக் மாறியிருக்கும், ஆனால் அந்த மாற்றுவழி செத்துப்போயிருக்கும். ஒரு ரூட்டைத் தாழ்த்தினால் போதும் என்கிற இடத்தில் அதை அழிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பம், புதிதாக வருகிற எல்லோருக்கும் வருவது. இன்பவுண்ட் ஃபில்டர் என்றால் உள்ளே வரும் டிராஃபிக்கைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரூட் ஒரு திசையில் வந்தால் பாக்கெட் அதற்கு எதிர்த்திசையில் போகும். பக்கத்து ரூட்டர் எனக்கு ஒரு ரூட் சொல்கிறது என்றால், அந்த ரூட்டைப் பயன்படுத்தி நான்தான் அவருக்கு பாக்கெட் அனுப்புவேன். ஆகவே உள்ளே வரும் ரூட்டை மறித்தால் மாறுவது என்னிடமிருந்து வெளியே போகும் டிராஃபிக். என்னை நோக்கி வரும் டிராஃபிக்கை மாற்ற நான் வெளியே அறிவிப்பதைத்தான் மாற்ற வேண்டும். அப்புறம், ரூட் ஃபில்டர் பாக்கெட்டைத் தடுக்காது. ஒரு நெட்வொர்க்குக்கு யாரும் போகக் கூடாது என்று அதன் ரூட்டை மறித்து வைத்திருப்பார்கள், கூடவே டிஃபால்ட் ரூட் ஒன்று இருக்கும், பாக்கெட் அதைப் பிடித்துப் போய்க்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்காகத் தடுக்க வேண்டும் என்றால் அது பாக்கெட் ஃபில்டரின் வேலை.

சரி, தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று ரூட் சொல்லிக்கொள்ளும் பிஜிபிக்கு வருவோம். இன்பவுண்ட் ஃபில்டர் உயிர்நாடியாக இருப்பது இங்கேதான், ஏனென்றால் எதிரில் இருப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாத இன்னொருவருடைய நெட்வொர்க். பிஜிபியின் உள்ளமைப்பை 2006இல் வந்த இன்டர்நெட் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4271 மூன்று அடுக்குகளாகச் சொல்கிறது. பக்கத்து ரூட்டர் சொன்னது சொன்னபடி வந்து விழும் இடம் அட்ஜ்-ரிப்-இன் (இந்த ரிப் ரூட்டுகளின் டேபிள், முன்னால் சொன்ன ரிப் ப்ரோட்டோகால் வேறு). நம் பாலிசியைத் தாண்டி, போட்டியில் ஜெயித்த ரூட் போய் உட்காரும் இடம் லோக்-ரிப். அடுத்தவருக்கு அறிவிப்பதற்காக எடுத்து வைக்கும் இடம் அட்ஜ்-ரிப்-அவுட். இன்பவுண்ட் ஃபில்டர் நிற்பது முதல் இரண்டுக்கும் நடுவில். இங்கே மறிக்கப்பட்ட ரூட் போட்டிக்கே வராது, யாருக்கும் மறு அறிவிப்பும் ஆகாது. ஓஎஸ்பிஎஃப் மாதிரி பின்வாசல் கிடையாது.

அந்த இடத்தில் ஃபில்டர் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2017 வாக்கில் நேரடியாகப் பார்த்தேன். நான் இருந்த நெட்வொர்க்கில் ஒரு வாடிக்கையாளர் பிஜிபியில் சேர்ந்திருந்தார், அவருடைய சொந்த பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) மொத்தம் நான்கு. எங்களைத் தவிர இன்னொரு அப்ஸ்ட்ரீமும் (இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் மேல் நெட்வொர்க்) அவருக்கு உண்டு. ஒரு நாள் மதியம் அவர் பக்கத்தில் ரூட்டர் மாற்றினார்கள், புது ரூட்டரில் வெளியே போகும் ஃபில்டரை எழுத மறந்துவிட்டார்கள். மற்ற அப்ஸ்ட்ரீமிடமிருந்து அவருக்குக் கிடைத்த முழு இன்டர்நெட் டேபிளும், அப்போது 6 லட்சத்துக்கு மேல், எங்களிடம் வந்து கொட்டியது. தவறு அவருடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் வாங்கிக்கொண்டது நாங்கள், அவருடைய செஷனில் (பிஜிபி இணைப்பில்) எங்கள் பக்கம் ஒரு ஃபில்டரும் இல்லை.

இது ஏன் அவ்வளவு மோசமாகப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டுக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸ் என்ற முன்னுரிமை எண்ணை (அதிகமானதே ஜெயிக்கும்) அதிகமாக வைப்பது ஏறத்தாழ எல்லா நெட்வொர்க்கிலும் வழக்கம். எங்களிடம் வாடிக்கையாளருக்கு 200, அப்ஸ்ட்ரீமுக்கு 100. லோக்கல் ப்ரிஃபரன்ஸ் பாதையின் நீளத்துக்கு முன்னாலேயே பார்க்கப்படும். அதனால் உலகத்தின் எந்த மூலைக்கும் சிறந்த வழி இந்த ஒரு வாடிக்கையாளர்தான் என்று எங்கள் ரூட்டர்கள் எல்லாம் முடிவெடுத்துவிட்டன. அவருடைய லிங்க் 100 எம்பிபிஎஸ். கிராஃபில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறி உச்சியில் தட்டையாக நின்றது, பெரிய அப்ஸ்ட்ரீம் லிங்க்குகளின் கோடுகள் எல்லாம் அதே நிமிடம் கீழே விழுந்தன. அந்த இரண்டு படமும் அருகருகே இருந்ததை இன்றும் மறக்கவில்லை.

அவசரமாக ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்ட் எழுதி, நான்கு வரி, அந்த நெய்பரில் 'இன்' திசையில் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. கிராஃப் அப்படியே நின்றது. காரணம், பிஜிபி மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். ஒருமுறை சொன்ன ரூட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லாது. புது ஃபில்டர் இனிமேல் வரும் அப்டேட்டைப் பார்க்கும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதைப் பார்க்க வேண்டுமானால் நாம் கேட்க வேண்டும். அதற்குத்தான் 2000இல் வந்த ஆர்எஃப்சி 2918, ரூட் ரிஃப்ரெஷ். "உன்னிடம் இருப்பதை எல்லாம் மறுபடி ஒருமுறை சொல்" என்று பக்கத்து ரூட்டரிடம் கேட்கும், செஷன் விழாது. சிஸ்கோவில் கிளியர் கமாண்டோடு 'சாஃப்ட் இன்' சேர்த்தால் அது இதைத்தான் செய்யும். அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டால் செஷனே அறுந்து மறுபடி எழும், அதுவரைக்கும் அவருடைய நல்ல ரூட்டுகளும் போய்விடும். ஜூனிப்பர் மாதிரி சில ரூட்டர்கள் அட்ஜ்-ரிப்-இன்னை இயல்பாகவே வைத்துக்கொள்வதால், பாலிசி மாறினால் உள்ளேயே மறுபடி சலித்துவிடும்.

சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட் என்று ஒரு பழைய வழியும் உண்டு: நெய்பர் அனுப்பிய எல்லாவற்றின் நகலையும், நாம் தள்ளியதையும் சேர்த்து, நினைவகத்தில் வைத்துக்கொள்வது. ரூட் ரிஃப்ரெஷ் வந்த பிறகு ஃபில்டரை மாற்றுவதற்கு இது தேவையில்லை. ஆனால் ஒரு காரணத்துக்காகச் சின்ன செஷன்களில் நான் இன்னமும் போட்டு வைக்கிறேன். வாடிக்கையாளர் கூப்பிட்டு "நான் அறிவிக்கிறேன், உங்களிடம் தெரியவில்லை" என்று சொன்னால், அவர் அனுப்பியதையும் நான் ஏற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இந்த நகல் இல்லாவிட்டால் சிஸ்கோவில் ரிசீவ்ட்-ரூட்ஸ் கமாண்ட் ஒன்றும் காட்டாது. முழு டேபிள் வரும் அப்ஸ்ட்ரீம் செஷனில் போட்டால் நினைவகம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிஃபிக்ஸ் லிஸ்ட் எழுதுவதில் பெரும்பாலான தவறு ஜிஇ (குறைந்தபட்ச நீளம்), எல்இ (அதிகபட்ச நீளம்) என்ற இரண்டில்தான். 10.0.0.0/8 என்று மட்டும் எழுதி அனுமதித்தால் பொருந்துவது அந்த /8 மட்டும், அதற்குள் இருக்கும் /16, /24 எதுவும் பொருந்தாது. 10.0.0.0/8 எல்இ 24 என்றால் முதல் 8 பிட் பொருந்த வேண்டும், நீளம் 8 முதல் 24 வரை எதுவாகவும் இருக்கலாம். ஜிஇ 16 எல்இ 24 என்றால் 16 முதல் 24 வரை, அந்த /8 கூட வராது. 0.0.0.0/0 மட்டும் எழுதினால் அது டிஃபால்ட் ரூட். 0.0.0.0/0 எல்இ 32 என்றால் எல்லா ரூட்டும். இந்த இரண்டு வரிக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் ஒரு நெட்வொர்க்கே ஓடுவதும் நிற்பதும். நான்கு ரூட்டை மட்டும் தடுக்கலாம் என்று நான்கு மறுப்பு வரி எழுதி, கடைசியில் 'மற்றதெல்லாம் வரட்டும்' என்ற வரியை எழுதாமல் விட்டால், லிஸ்டின் அடியில் எழுதாமலே இருக்கும் மறுப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

வாடிக்கையாளரின் /20க்கு எல்இ 32 போட்டு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வசதிக்காகத்தான். அப்புறம் அவருடைய உள் நெட்வொர்க்கின் /30களும் /32களும் நம் டேபிளில் வந்து உட்காரும். ஐபிவி4இல் /24ஐவிட நீளமான ரூட்டையும் ஐபிவி6இல் /48ஐவிட நீளமானதையும் இன்டர்நெட்டில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆகவே எல்இ 24 போதும். அவர் தாக்குதலைத் தவிர்க்க ஒரு /32ஐ பிளாக்ஹோல் செய்யக் கேட்டால், அதாவது அதற்கு வரும் பாக்கெட் எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொன்னால், அதற்குத் தனி கம்யூனிட்டி (ரூட்டில் ஒட்டும் அடையாள எண்), தனி வரி.

ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்டை அழித்துவிட்டு மறுபடி எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த சிஸ்கோ ரூட்டர்களில், நெய்பரில் பெயர் இருந்து அந்தப் பெயரில் பிரிஃபிக்ஸ் லிஸ்ட் இல்லையென்றால் எல்லாமே உள்ளே வரும். அழிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே உள்ள அந்தச் சில வினாடி கதவு திறந்து கிடக்கிறது. வேறு சில ரூட்டர்களில் நேர்மாறாக எல்லாம் மறிக்கப்படும். இரண்டுமே ஆகாது. புதுப் பெயரில் முழுசாக எழுதுங்கள், ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், பிறகு நெய்பரில் பெயரை மாற்றுங்கள், அப்புறம் சாஃப்ட் கிளியர். பழைய லிஸ்ட் ஒரு வாரம் கிடக்கட்டும், திரும்பிப் போக வேண்டுமானால் உதவும்.

எக்ஸ்டெண்டட் ஆக்சஸ் லிஸ்ட் வைத்து ரூட்டைச் சலிக்கும் பழைய கன்ஃபிக் இன்னும் சில இடங்களில் உண்டு. பிஜிபியில் அதன் சோர்ஸ் பகுதி நெட்வொர்க்கையும், டெஸ்டினேஷன் பகுதி மாஸ்க்கையும் குறிக்கும். அதே லிஸ்டை ஈஐஜிஆர்பி போன்ற உள் ப்ரோட்டோகாலில் போட்டால் சோர்ஸ் என்பது ரூட்டைச் சொன்ன ரூட்டர், டெஸ்டினேஷன் என்பது நெட்வொர்க். பார்த்தால் பிரிஃபிக்ஸ் லிஸ்டாக மாற்றிவிடுங்கள், அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார்.

பிரிஃபிக்ஸோடு பாதையையும், அதாவது ரூட் கடந்து வந்த நெட்வொர்க்குகளின் ஏஎஸ் எண் வரிசையையும், பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் ஏஎஸ் எண் 64500 என்று வைத்துக்கொள்வோம், இது எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிய எண்களில் ஒன்று. பாதை ^64500$ என்று, அதாவது அந்த ஒரே எண்ணாக, இருந்தால் மட்டும் ஏற்பேன் என்று எழுதினால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அவர் டிராஃபிக்கைத் திருப்ப வேண்டி தன் எண்ணையே மூன்று தடவை முன்னால் சேர்த்து அறிவிக்கும் நாளில் எல்லா ரூட்டும் விழுந்துவிடும். ^64500(_64500)*$ என்று எழுதினால் அதுவும் அடங்கும். இன்னொரு எளிய விதி எனக்கு மிகவும் பிடித்தது: வாடிக்கையாளரிடமிருந்து வரும் பாதையில் உலகின் பெரிய டிரான்சிட் நெட்வொர்க்குகளின் எண் எங்கேயும் இருக்கக் கூடாது. இருந்தால் அது லீக்தான், வரக்கூடாத வழியில் கசிந்து வந்த ரூட், யோசிக்கவே வேண்டாம்.

பிரிஃபிக்ஸின் உச்சவரம்பும் கூடவே வேண்டும். நான்கு பிரிஃபிக்ஸ் உள்ளவருக்கு 10 என்று வைத்தால் பதினொன்றாவது வரும்போது செஷன் விழும். கவனிக்க வேண்டியது, அந்த எண்ணிக்கை ஃபில்டருக்கு முன்னாலா பின்னாலா என்பது. ஜூனிப்பரில் இதற்கு இரண்டு தனி அமைப்பு உண்டு, வந்ததை எண்ணுவது ஒன்று, ஏற்றதை எண்ணுவது இன்னொன்று. ஏற்றதை மட்டும் எண்ணினால், ஃபில்டர் நன்றாக வேலை செய்யும்வரை அவர் முழு டேபிளையும் கொட்டினாலும் நமக்குத் தெரியாது. வந்ததை எண்ணுவதே நல்லது என்பேன், அவர் பக்கத்தில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அவருக்கு முன்னால் நமக்குத் தெரியும்.

இதெல்லாம் சின்ன நெட்வொர்க்கின் கவலை மட்டும் அல்ல. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டை உருவாக்கியது, அது வெளியே கசிந்தது, அதன் அப்ஸ்ட்ரீமான பிசிசிடபிள்யூ அதைச் சலிக்காமல் ஏற்று உலகத்துக்குச் சொன்னது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. நீளமான பிரிஃபிக்ஸ்தான் எப்போதும் ஜெயிக்கும் என்பதால் யூடியூபுக்குப் போக வேண்டிய டிராஃபிக் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே போனது. யூடியூப் தானும் /24 அறிவித்து, பிறகு /25களும் அறிவித்துப் பார்த்தது, சுமார் இரண்டு மணி நேரம் கழித்து பிசிசிடபிள்யூ அந்த ரூட்டுகளை விலக்கிக்கொண்ட பிறகுதான் அடங்கியது. அந்த ஒரு செஷனில், வாடிக்கையாளருக்குச் சொந்தமான பிரிஃபிக்ஸ் மட்டும் வரலாம் என்று ஒரு இன்பவுண்ட் லிஸ்ட் இருந்திருந்தால் இது ஒரு நாட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

இன்று ஆர்பிகேஐ இருக்கிறதே, இந்த லிஸ்டெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்பிகேஐ பார்ப்பது பாதையின் கடைசியில், ரூட் பிறந்த இடத்தில் இருக்கும் ஏஎஸ் எண், அந்த பிரிஃபிக்ஸை அறிவிக்க உரிமை பெற்றதா என்று. இன்வாலிட் என்று வருவதைத் தள்ளிவிடுவது கட்டாயம் செய்ய வேண்டியது, 2008இல் நடந்த மாதிரியான விஷயத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் எங்கள் வாடிக்கையாளர் கொட்டிய 6 லட்சம் ரூட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் பிறந்த இடம் சரி, நடுவில் வரக்கூடாத வழியில் வந்தது மட்டும்தான் தப்பு. ஆர்பிகேஐ அதைத் தடுத்திருக்காது. லீக்குக்கு வேண்டியது வாடிக்கையாளர் வாரியான லிஸ்ட், பாதை ஃபில்டர், உச்சவரம்பு. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9234, ஒவ்வொரு செஷனிலும் இவர் வாடிக்கையாளர், இவர் அப்ஸ்ட்ரீம் என்று இரு பக்கமும் பங்கைச் சொல்லிவைத்து, மேலிருந்து வந்த ரூட்டில் ஒரு அடையாளம் ஒட்டி, அது மறுபடி மேலே ஏறினால் பிடிக்கிற வழியைத் தருகிறது. இரு பக்கமும் செய்தால்தான் முழுப் பலன்.

அதற்கும் முன்னால் 2017இல் ஆர்எஃப்சி 8212 வந்தது. வெளி பிஜிபி செஷனில் பாலிசி எதுவும் எழுதவில்லையென்றால் ஒரு ரூட்டும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது என்கிறது. எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் இதைப் பின்பற்றுகிறது. செஷன் எழுந்தது, ஆனால் ஒரு ரூட்டும் வரவில்லை என்று குழம்பி, அதை அணைக்கும் ஒரு வரியைத் தேடிப் போட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வரியைத் தேடும் நேரத்தில் ஒரு சரியான லிஸ்டையே எழுதிவிடலாம்.

ஃபில்டர் பழசாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, 100.64.0.0/10, 127.0.0.0/8 போன்றவை வெளியிலிருந்து வரக்கூடாது, அது மாறாது. ஆனால் "இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாதவை" என்று ஒரு காலத்தில் எழுதிச் சேர்த்த பிளாக்குகள் வேறு கதை. 2010 ஜனவரியில் 1.0.0.0/8, ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி ஒதுக்கும் ஏபிநிக்குக் கொடுக்கப்பட்டது. பழைய ஃபில்டரை யாரும் திரும்பிப் பார்க்காத நெட்வொர்க்குகளில் அந்த முகவரி வாங்கியவர்கள் மறிக்கப்பட்டே கிடந்தார்கள். என்னிடம் வந்த ஒரு ரூட்டரில் அந்த வரி அதற்குப் பல வருடம் கழித்தும் இருந்தது. எழுதியவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் லிஸ்டுகளை இப்போது கையால் எழுதுவதில்லை, ரூட்டிங் ரெஜிஸ்ட்ரியில் அவர்கள் பதிந்திருப்பதை பிஜிபிகியூ4 என்ற கருவி மூலம் தினமும் எடுத்து உருவாக்குகிறோம், முந்தைய நாளுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒரு ஆள் பார்த்த பிறகுதான் ரூட்டருக்குப் போகும்.

ஐபிவி6ஐ மறக்காதீர்கள். அது தனி அட்ரஸ் ஃபேமிலி, தனி லிஸ்ட், தனி உச்சவரம்பு. ஐபிவி4 பக்கம் எல்லாம் கச்சிதமாக இருந்து ஐபிவி6 பக்கம் வெறுமையாகக் கிடக்கும் கன்ஃபிக்கை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

சமீபத்தில் இன்னொரு வாடிக்கையாளரிடம் அதே கதை மறுபடி நடந்தது. ரூட்டர் மாற்றம், வெளியே போகும் ஃபில்டர் இல்லை, முழு டேபிள் எங்கள் பக்கம் திரும்பியது. இந்த முறை லாகில் ஒரே ஒரு வரி வந்தது, வரம்பு 10, தாண்டியது, செஷன் நிறுத்தப்பட்டது. கிராஃபில் ஒரு கோடும் அசையவில்லை. நான் அவருக்கு போன் செய்தபோது அவர் இன்னும் புது ரூட்டரின் கேபிள்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.